பேக்கேமன்: படிக்கிறதுக்கு எவ்வளவு நேரம், ஆடுறதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குறீங்க?

நைட்ஷிஃப்ட்_பகடை:

வணக்கம் மக்களே. ஃபோன்ல பேக்கேமன் (ரெண்டு பேர் பகடை உருட்டி, ஆளுக்கு 15 காயை 24 கட்டத்துல நகத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிய எடுக்கிற ஆட்டம்) ஆட ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் திண்ணைல ஆடின தாயம்தான், அதனால காய் வெட்டுறது, வெட்டுப்படாம வீட்டுக்குள்ள கொண்டுபோறது இதெல்லாம் சட்டுனு பிடிபட்டுருச்சு. முதல் சில மாசம் ரேட்டிங் சரசரன்னு ஏறிச்சு, இப்ப அப்படியே நிக்குது. மேட்ச் முடிஞ்சதும் வர்ற பிஆர் (எவ்வளவு தப்பா ஆடினோம்ங்கிற கணக்கு) 15-க்கும் 17-க்கும் நடுவுலயே சுத்திட்டு இருக்கு.

நான் பண்றது என்னன்னா, ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுல 5 பாயிண்ட் மேட்ச் (முதல்ல 5 எடுக்கிறவர் ஜெயிப்பார்) முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அடுத்ததுன்னு ஆடிட்டே இருப்பேன். லீவ் நாள்ல பெரிய ப்ளேயர்ஸ் ஆடுற வீடியோ பாப்பேன். ஓப்பனிங் மொத்தம் 15 பகடைதானே, அது எல்லாம் மனப்பாடம், 3-1 விழுந்தா 5 பாயிண்ட் போடணும் (5-வது கட்டத்தை ரெண்டு காய் வெச்சு மூடணும்), 6-1-க்கு பார் பாயிண்ட் (7-வது கட்டம்), 4-2-க்கு 4 பாயிண்ட், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா மூணாவது நாலாவது பகடைக்கு அப்புறம் பலகைல காய் கன்னாபின்னான்னு கிடக்கும்போது கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரிதான்.

ஒரு ஃப்ரெண்டு சொல்றான் நிறைய ஆடு தானா வரும்னு. இன்னொருத்தன் ஆடுறதை நிறுத்திட்டு ரெண்டு மாசம் புக் படின்னு சொல்றான். எங்க அண்ணன் என்னடான்னா பகடை ஆட்டத்துல படிக்க என்னடா இருக்குன்னு சிரிக்கிறார். ஒரு மணி நேரத்தை நீங்க எப்படிப் பிரிப்பீங்க?

---

டோஹாவாசி:

ப்ரோ, நான் கத்தார்ல இருக்கேன். எங்க ஆஃபீஸ்ல லெபனான்காரங்க, துருக்கிக்காரங்க இருக்காங்க, வியாழக்கிழமை ராத்திரி ஆனா கஃபேல பலகையை விரிச்சிருவாங்க. அவங்க ஆடுறதைப் பாக்கணும் நீங்க. பகடை உருண்டு நிக்கறதுக்குள்ள கை காய் மேல போயிரும், 6-5 விழுந்தா ஷெஷ் பெஷ்னு ஒரு சத்தம், காயைக் கட்டத்துல டக்குனு அடிச்சு வெக்கிற சத்தம், எதிர்ல இருக்கவர் யோசிச்சா என்ன தூங்கிட்டியான்னு கிண்டல். அதுல ஒருத்தருக்கு அறுபது வயசு இருக்கும், வாழ்க்கைல ஒரு பேக்கேமன் புக்கைத் தொட்டதில்ல, கட்டத்தை எண்ணி நான் பாத்ததே இல்ல, ஒரு பார்வைல காய் எங்க போய் உக்காரணும்னு தெரியும். சின்ன வயசுல அப்பாகூட, மாமாகூட ஆடி ஆடி வந்தது அது.

அதனால நான் ஆடுறது பக்கம்தான். அதுவும் ஃபோன்ல முகம் தெரியாதவன்கூட இல்ல, உங்களைவிட நல்லா ஆடுற ஆள் எதிர்ல உக்காந்து, நீங்க தப்பா வெச்சா உச் கொட்டுற மாதிரி ஆடுங்க. எனக்கு அந்த உச் கொட்டல்தான் பாடம்.

---

பழைய_க்யூப்:

டோஹாவாசி சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணு கவனிங்க. அவங்க ஆடுற முறைல பெரும்பாலும் டபுளிங் க்யூப் (ஆட்டத்தோட பாயிண்ட்டை ரெண்டு மடங்காக்க நீட்டுற கட்டை, எதிராளி எடுத்து ஆடணும், இல்ல ட்ராப்னு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கணும்) கிடையாது, 5 வரைக்கும் ஆடுவாங்க, எதிராளி ஒரு காயைக்கூட வெளிய எடுக்கலைன்னா ரெண்டு பாயிண்ட், அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கு அந்தப் பெரியவர் ராஜா. ஆனா கேள்வி கேட்ட தம்பி ஆடுறது க்யூப் வெச்ச மேட்ச் மாதிரி தெரியுது. க்யூப் 1920-கள்ல நியூயார்க்ல வந்து சேந்தது, அதுக்கப்புறம் ஆட்டமே வேற. காயை அழகா நகத்திட்டு க்யூப்ல மொத்தத்தையும் கோட்டை விடுறவங்கதான் இங்க பாதிப் பேரு.

தம்பி கேள்விக்கு வர்றேன். படிப்புக்கு இவ்வளவு நிமிஷம் ஆட்டத்துக்கு இவ்வளவு நிமிஷம்னு பிரிக்கிறதே எனக்குச் சரியாப் படல. நீங்க ஆடின ஆட்டம்தான் உங்க பாடப்புத்தகம். அடுத்தவன் மேட்ச் வீடியோவை ரெண்டு மணி நேரம் பாக்கறதைவிட நீங்க ஆடின ஒரே மேட்சை அரை மணி நேரம் நோண்டுறதுல கிடைக்கிறது ஜாஸ்தி, ஏன்னா அந்த இடத்துல நீங்க என்ன நினைச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும், வீடியோல ஆடுறவர் என்ன நினைச்சார்னு தெரியாது (அவர் வாயால சொன்னாலும் பாதிதான் சொல்லுவார்).

ஒரு நாள் ஒரே ஒரு மேட்ச், மெதுவா. எங்க கை தயங்குச்சோ அந்த இடத்தை உடனே குறிச்சு வெச்சுக்கோங்க, இதா அதான்னு, பாட் (எக்ஸ்ஜி, ஜிஎன்யூ மாதிரி ஆட்டத்தை அலசுற ப்ரோகிராம்) என்ன சொல்லுதுன்னு பாக்கறதுக்கு முன்னாடியே. அடுத்த நாள் ஆடவே ஆடாதீங்க, அந்த மேட்சை எக்ஸ்ஜிலயோ ஜிஎன்யூ பேக்கேமன்லயோ போட்டு அலசுங்க. எக்ஸ்ஜி காசு, ஜிஎன்யூ இலவசம், உங்க லெவலுக்கும் என் லெவலுக்கும் ரெண்டுமே போதும். 0.02, 0.03 தப்பையெல்லாம் (அந்தத் தப்பால சராசரியா எவ்வளவு பாயிண்ட் போகுதுங்கிற கணக்கு) இப்ப தொடாதீங்க, வெறுப்புதான் வரும். 0.08-க்கு மேல ப்ளண்டர்னு காட்டும் பாருங்க, அதை மட்டும் எடுங்க. பிஆர் 16-ல இருக்கவருக்கு ஒரு மேட்ச்லயே அது தாராளமா கிடைக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். பாட் எது சரின்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. பாத்துட்டு ஓ அப்படியான்னு அடுத்ததுக்குப் போனா ஒரு வாரத்துல மறந்துரும். ஏன்னு கண்டுபிடிக்க ஒரு வழி, பொசிஷனைக் கொஞ்சம் மாத்திப் போட்டுப் பாக்கறது. ஒரு உதாரணம் சொல்றேன். எதிராளியோட ஒரு காய் உங்க ஹோம் போர்டுல (உங்க வீடு, 1-ல இருந்து 6 வரைக்குமான கட்டம்) தனியா நிக்குது, வெட்டலாமா வேணாமான்னு கேள்வி. வெட்டுன்னு பாட் சொல்லுதா, சரி, இப்ப உங்க போர்டுல மூடியிருக்கிற ஒரு பாயிண்ட்டைப் பிரிச்சுப் போட்டு மறுபடி கேளுங்க. பதில் மாறிச்சுன்னா விஷயம் போர்டோட பலத்துல இருக்குன்னு அர்த்தம். ஏன் அவ்வளவு வித்தியாசம்னா, பார்ல (வெட்டுப்பட்ட காய் காத்திருக்கிற நடுப்பட்டை) உக்காந்திருக்கிற காய் உள்ள வர முடியாம போற பகடை எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. 3 பாயிண்ட் மூடியிருந்தா 36-ல 9, 4 மூடினா 16, 5 மூடினா 25. மூடின பாயிண்ட்டோட வர்க்கம், அவ்வளவுதான், மனசுலயே போட்டுரலாம். மூணுல இருந்து நாலுக்குப் போகும்போது கால்வாசியா இருந்தது கிட்டத்தட்ட பாதி ஆயிருது. இதை நீங்களே பொசிஷனை மாத்தி மாத்தி கண்டுபிடிச்சா அப்புறம் ஆட்டத்துல கண்ணு தன்னால எதிராளி பக்கமும் நம்ம பக்கமும் மூடின பாயிண்ட்டை எண்ணும்.

---

சும்மா_உருட்டு:

எல்லாரும் அலசு அலசுன்னே சொல்றீங்க. ஐபிஎம்ல ஜெரால்ட் டெசௌரோ 1990-கள் ஆரம்பத்துல டிடி-கேமன்னு ஒரு ப்ரோகிராம் பண்ணார், அது தன்னோட தானே ஆடி ஆடியேதான கத்துக்கிச்சு? பெரிய பெரிய ப்ளேயர்ஸுக்கு ஈடு கொடுத்துச்சு. அது எந்த புக்கைப் படிச்சுது?

---

பழைய_க்யூப்:

நல்ல கேள்வி, ஆனா அது என் பக்கம் பேசுற சாட்சி 🙂

அது ஆடினது 15 லட்சம் ஆட்டம். நம்ம தம்பி ராத்திரி ராத்திரி ஆடி எப்ப அங்க போய்ச் சேருவார்? அது ஒரு பக்கம் இருக்கட்டும், அது சும்மா ஆடல. ஒவ்வொரு நகர்த்தலுக்கு அப்புறமும் முன்னாடி தான் போட்ட கணிப்பையும் இப்ப வந்திருக்கிற கணிப்பையும் ஒப்பிட்டு, எவ்வளவு தள்ளிப்போச்சோ அதுக்கேத்த மாதிரி தன்னைத் திருத்திக்கிட்டே போச்சு. அதாவது அதோட ஆட்டத்துக்குள்ளயே திருத்தம் இருக்கு. நாம மேட்ச் முடிஞ்சதும் பகடையைத் திட்டிட்டு அடுத்த மேட்சுக்குப் போறோம்.

அதுல இன்னொரு சுவாரசியம். அந்தக் காலத்துல ஓப்பனிங்ல 2-1, 4-1, 5-1 விழுந்தா அந்த 1-ஐ வெச்சு 6-ல இருந்து 5-க்கு ஒரு காயை இறக்கி தனியா விடுறதுதான் வழக்கம், அடுத்த பகடைல மூடிக்கலாம்னு. டிடி-கேமன் என்ன பண்ணுச்சுன்னா அந்த 1-ஐ வெச்சு பின்காய்ல (எதிராளி வீட்டுக்குள்ள நிக்கிற நம்ம ரெண்டு காய்) ஒண்ணை 24-ல இருந்து 23-க்கு நகத்திப் பிரிச்சுது. அதைப் பாத்துட்டு மனுஷங்க உக்காந்து சோதிச்சாங்க, டோர்னமென்ட் ப்ளேயர்ஸே தங்க ஓப்பனிங்கை மாத்திக்கிட்டாங்க. 2-1-க்கு இன்னிக்கும் ரெண்டுமே ஓடுது, 4-1, 5-1-க்கு பழைய ஆட்டம் ஏறக்குறைய ஒழிஞ்சுபோச்சு. காலங்காலமா ஆடினவங்க கண்ணுக்குப் படாத விஷயம் இது, யோசிங்க.

---

நைட்ஷிஃப்ட்_பகடை:

அண்ணே சூப்பர், இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. ஒரு சந்தேகம், ஓப்பனிங்குக்கு அடுத்த பதில் பகடையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா? 15 ஓப்பனிங், ஒவ்வொண்ணுக்கும் 21 பதில், 315 வருது, அதுக்கும் மேல ஒரே ஓப்பனிங்கை ரெண்டு மூணு விதமா ஆடுவாங்க, தலை சுத்துது. அப்புறம் க்யூப். உண்மையைச் சொல்லணும்னா எதிராளி டபுள் கொடுத்தா எனக்குக் கை நடுங்கும், பாதி நேரம் ட்ராப் பண்ணிருவேன்.

---

பிப்_எண்ணி:

நான் வழக்கமா இங்க படிக்கிறதோட சரி, எழுதறதில்ல, ஆனா எண்ணிக்கைன்னு வந்துட்டா கை சும்மா இருக்காது. ஸ்கூல்ல கணக்கு எடுக்கிறேன் அதான்.

315-ஐ அட்டை போட்டு உருப்போடாதீங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்குப் பதிலா கொஞ்சத்தை எடுத்து ஏன்னு பாருங்க. பழைய_க்யூப் சார் சொன்ன அந்த 5 பாயிண்ட்ல தனிக்காய் இறக்குற ஆட்டத்தையே எடுத்துக்குவோம். எதிராளியோட பின்காய் ரெண்டும் உங்க 1 பாயிண்ட்ல சேந்து நிக்கும்போது 5-ல நீங்க இறக்கினா அது 4 தள்ளி இருக்கு. நேரா 4 விழறது 11 பகடை, 3-1 ரெண்டு, 2-2 ஒண்ணு, 1-1 ஒண்ணு, மொத்தம் 36-ல 15. இப்ப அவங்க ஏற்கெனவே பிரிச்சு ஒண்ணு 1-லயும் இன்னொண்ணு 2-லயும் நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. இப்ப 4 விழுந்தாலும் வெட்டு, 3 விழுந்தாலும் வெட்டு, அது 20 பகடை. 2-1-க்கு ரெண்டு, 2-2, 1-1. மொத்தம் 24. மூணுல ரெண்டு பங்கு நேரம் வெட்டுப்படும். எதிராளி பிரிச்சிருந்தா தனிக்காய் இறக்காதேன்னு அட்டைல படிச்சா ஒரு வரி, எண்ணிப் பாத்தா அதே விஷயம் 5 பாயிண்ட்டுக்கு மட்டுமில்லாம ஆட்டத்துல எங்க வந்தாலும் தெரியும்.

க்யூப்ல கை நடுங்குறதுக்கும் எண்ணிக்கைதான் மருந்து. ட்ராப் பண்ணா உறுதியா 1 பாயிண்ட் போச்சு. எடுத்து ஆடி, நாலு தடவைல ஒரு தடவை ஜெயிச்சாக்கூட, ஒரு தடவை 2 வருது, மூணு தடவை 2 போகுது, நிகரமா 4 நஷ்டம், நாலால வகுத்தா ஆட்டத்துக்கு 1. அதே 1. அப்ப 25 சதவீதத்துக்கு மேல ஜெயிக்க வாய்ப்பிருந்தா எடுக்கிறதுதான் லாபம். (கேமன், அதாவது ஒரு காயைக்கூட வெளிய எடுக்காம ரெண்டு மடங்கு தோக்கிற ஆபத்து இருந்தா கூடுதலா வேணும், மேட்ச் ஸ்கோரைப் பொறுத்தும் மாறும், அது அப்புறம்.) தோக்கப்போற மாதிரி இருக்கேன்னு ட்ராப் பண்ணக்கூடாது. நாலுல மூணு தடவை தோத்தாலும் சமம்.

ரேஸ்ல இன்னும் சுலபம். ரெண்டு பேர் காயும் ஒண்ணையொண்ணு தாண்டியாச்சு, இனி வெட்டு இல்ல, யார் முதல்ல வீட்டுக்குப் போறாங்கன்னு மட்டும்தான். முன்னாடி இருக்கவரோட பிப் கவுண்ட்ல (எல்லாக் காயும் வெளிய போக இன்னும் நகர வேண்டிய மொத்தக் கட்டம்) 8 சதவீதம் லீட் இருந்தா டபுள், க்யூப் ஏற்கெனவே அவர்கிட்ட இருந்தா 9 சதவீதத்துல திருப்பிக் கொடுக்கலாம், பின்னாடி இருக்கவர் 12 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். உங்களுக்கு 72, எதிராளிக்கு 80-ன்னு வைங்க. 72-ல 8 சதவீதம் ஏறக்குறைய 6, அதனால அவங்க 78-ல இருக்கும்போதே டபுள் கொடுக்கலாம். 12 சதவீதம் எட்டரைக்குக் கொஞ்சம் மேல, அதனால 80 வரைக்கும் அவங்க எடுக்கணும், 81-ன்னா ட்ராப். ஒரு பிப்புல முடிவே மாறுது பாருங்க, அதனாலதான் எண்ணச் சொல்றது. கடைசி சில காய் மட்டும் இருக்கிற குட்டி ரேஸுக்கும், ஒரே பாயிண்ட்ல காய் மலையாக் குவிஞ்சு கிடந்தாலும் இந்தக் கணக்கு சரியா வராது, நடுத்தரம் பெரிய ரேஸுக்குத்தான். பிப் எண்ணிப் பழகணும்னா பஸ்ல போகும்போது ஏதாவது பொசிஷன் படத்தை வெச்சு எண்ணுங்க. ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரெண்டு பக்கமும் 167, அங்கிருந்து ஆரம்பிங்க.

---

டோஹாவாசி:

ஆத்தாடி, டீச்சர் வந்துட்டாங்க. எங்க பெரியவர்கிட்ட இந்த 81 கதையைச் சொன்னா பலகையை மூடிருவார் 😂

ஆனா சீரியஸா, அந்த 24 பகடை கணக்கு எனக்குத் தெரியாது. அவர் எதிராளி பிரிச்சிருந்தா இறக்கவே மாட்டார், ஏன்னு கேட்டா கையை விரிப்பார்.

---

சும்மா_உருட்டு:

சரி 15 லட்சத்துல நான் அவுட் 😄 ஆனா இது ஒண்ணுக்கு பதில் சொல்லுங்க. இவ்வளவு படிச்சும் பகடை காலை வாரினா? போன வாரம் ஒரு மேட்ச்ல எனக்கு பிஆர் 6, எதிராளிக்கு 20-க்கு மேல, அவர்தான் ஜெயிச்சார், கடைசில வரிசையா டபுள்ஸ். அண்ணன் சிரிக்கிறதுல என்ன தப்பு?

---

பழைய_க்யூப்:

அப்படித்தான் நடக்கும், 5 பாயிண்ட் மேட்ச்ல அது ரொம்ப சாதாரணம். அதனாலதான் ஜெயிச்சியா தோத்தியான்னு வெச்சு முன்னேத்தத்தை அளக்காதீங்கன்னு சொல்றது. ரேட்டிங்கும் அப்படித்தான் ஆடும். பிஆர் பகடையைப் பாக்காது, கிடைச்ச பகடைல நீங்க என்ன பண்ணீங்கன்னு மட்டும்தான் பாக்கும், குறைய குறைய நல்லது, 5-க்குக் கீழ வந்தாலே உலகத்தரம்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு மேட்ச் பிஆரையும் நம்பிராதீங்க, சின்ன மேட்ச்ல முடிவெடுக்கிற இடமே கொஞ்சம்தான் வரும், சுலபமான பகடையா விழுந்தா யாருக்கும் 6 வரும். நிறைய மேட்சோட சராசரி எங்க போகுதுன்னு பாருங்க.

அண்ணன்கிட்ட இதைச் சொல்லுங்க: மான்டே கார்லோல நடக்கிற உலக சாம்பியன்ஷிப்பை ஜப்பானோட மோச்சிசூகி மசாயுகி 2009-லயும் 2021-லயும் ஜெயிச்சார், அதே ஜப்பானோட யசாவா அகிகோ 2014-லயும் 2018-லயும் ஜெயிச்சாங்க. வெறும் பகடைன்னா ஒரே ஆள் பேரு ரெண்டு தடவை வர்றது அவ்வளவு லேசு இல்ல.

அப்புறம் தம்பி, தோத்த கோவத்துல அன்னிக்கு ராத்திரியே அலச உக்காராதீங்க. மனசு முழுக்க அந்த கடைசி டபுள்ஸ்தான் நிக்கும், மேட்ச் போனது நாலு நகர்த்தலுக்கு முன்னாடி எடுத்த க்யூப்லயா இருக்கும், அது கண்ணுக்கே படாது.

---

பிப்_எண்ணி:

மேட்ச் ஸ்கோர் அப்புறம்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணே ஒண்ணு இப்பவே சொல்லிர்றேன், உங்க லெவல்ல நிறைய பேர் கோட்டை விடுறது. 5 பாயிண்ட் மேட்ச்ல எதிராளி 4-க்கு வந்துட்டார். வந்த உடனே வர்ற ஒரு ஆட்டம் கிராஃபோர்ட், அதுல க்யூப் கிடையாது. அதை நீங்க ஜெயிச்சுட்டீங்க, 4-3 ஆச்சுன்னு வைங்க. அடுத்த ஆட்டத்துல முதல் வாய்ப்பு கிடைச்ச உடனே டபுள் கொடுங்க, பொசிஷன் எப்படி இருக்குன்னு பாக்காதீங்க. தோத்தா எப்படியும் மேட்ச் போச்சு, 1-ல தோத்தா என்ன 2-ல தோத்தா என்ன, ஜெயிச்சா ரெண்டா வரும், மேட்சே உங்களுது. நல்ல பொசிஷன் வரட்டும்னு காத்திருந்தா, அது வந்ததுக்கப்புறம் கொடுக்கும்போது அவர் ட்ராப் பண்ணிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருவார்.

---

நைட்ஷிஃப்ட்_பகடை:

அய்யோ இது தெரியாமத்தான் காத்துட்டே இருந்திருக்கேனா. சரி, முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு ஒரே ஒரு மேட்ச், நாளைக்கு அலசல், வீடியோ லீவ் நாள்ல மட்டும் அதுவும் சாப்பிடும்போது. டீச்சர், பஸ்ல எண்ணுறதையும் சேத்துக்கிட்டேன்.

கடைசியா ஒண்ணு, என்கிட்ட இருக்கிறது பழைய லேப்டாப், லினக்ஸ் போட்டு வெச்சிருக்கேன். எக்ஸ்ஜி விண்டோஸ்லதான் ஓடும்னாங்களே?

---

பழைய_க்யூப்:

ஜிஎன்யூ போடுங்க, லினக்ஸ்ல அம்சமா ஓடும். செட்டிங்ல அனாலிசிஸை 2-ப்ளை (எத்தனை நகர்த்தல் முன்கூட்டிப் பாக்கணும்ங்கிற அளவு) வெச்சா போதும், அதுக்கு மேல வெச்சா அந்த லேப்டாப் மூச்சு வாங்கும். அதுலயே ட்யூட்டர்னு ஒண்ணு இருக்கு, தப்பா ஆடினா உடனே கத்தும், மேட்ச் ஆடும்போது அதை அணைச்சு வெச்சுருங்க, இல்லன்னா தயங்கின இடத்தைக் குறிக்கிற வேலையே நடக்காது. முதல் மேட்ச் அலசி முடிச்சதும் ப்ளண்டர் வந்த பொசிஷன்ல ஒண்ணு ரெண்டை இங்க போடுங்க, காய் எங்க எத்தனைன்னு கட்ட எண்ணோட எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட்டைவிட எனக்கு அதான் வசதி. க்யூப் யார்கிட்ட, ஸ்கோர் என்னன்னு மறக்காம எழுதுங்க.